துவரம்பருப்பு அளவு முகம்

செவல்மேட்டில் முதல் சிவப்பு வட்டம் பால்காரர் கொம்பையாவின் கழுத்தில்தான் விழுந்தது. முந்தின நாள் அவர் தெருக்குழாயடியில் கேனைச் சாய்த்துத் தண்ணீர் பிடித்ததை எதிரே டீக்கடைச் சின்னமணியின் கேமரா பார்த்திருந்தது, சின்னமணி அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராஜகிளி அந்தப் படத்தில் கொம்பையாவின் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள், அறுநூறு பேர் இருக்கிற எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் அது விளக்கு வைப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலையில் கொம்பையா சைக்கிளில் ஏறும்போது அதே வட்டம், அதே சிவப்பில், அதே கனத்தில், அவர் கழுத்தைச் சுற்றி நின்றது. கழுத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். தொட்டால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. தேங்காய் நாரும் சவக்காரமும் போட்டுத் தேய்த்தும் அது அசையவில்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி ஊத்துனது நெசந்தான?" என்று கேட்டாள். "நெசந்தான்" என்றார். "அப்பக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பேசிப் பேசியே ஒரு மனுஷனின் முதுகைக் கூனவைக்கிற ஊர் எங்கள் ஊர்; பேச்சு செய்கிற வேலையைப் படம் செய்யக் கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டோம். ராஜகிளியைக் கேட்டதற்கு, இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒரு கருவி அது, படத்தை இழுத்துப் போட்டால் போதும், இடதுபக்கம் அம்புக்குறி இருக்கும், வட்டம் இருக்கும், மங்கலாக்குகிற கட்டம் இருக்கும், வேண்டியதைச் செய்து சேமித்துக்கொள்ளலாம், ஓரத்தில் செருப்பு விளம்பரம் வரும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். எங்களுக்கும் அதற்குமேல் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கொம்பையாவின் வட்டம் பதினோரு நாள் இருந்தது. அவர் சின்னமணியின் காலில் போய் விழ, சின்னமணியின் போனில் பழைய படம் தொடாமல் அப்படியே கிடக்க, அதை ராஜகிளி கருவியில் போட்டு எதுவும் செய்யாமல் சேமிக்க, டீ ஆறுவதற்குள் வட்டம் போய்விட்டது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. தண்டனை என்றால் தண்டனையாக இருக்க வேண்டும். நினைத்தால் மாட்டி, நினைத்தால் கழற்ற அது என்ன சட்டையா? குரூப்பின் ஐந்து அட்மின்களும் கூடி விதி செய்தார்கள். படம் முதலில் ஐவருக்கும் வர வேண்டும், உண்மைதானா என்று அவர்கள் பார்க்க வேண்டும், ராஜகிளி குறி போட்டுச் சேமித்தவுடன் அசல் படத்தை எல்லோரும் அவள் கண்முன்னால் அவரவர் போனிலிருந்து அழித்துவிட வேண்டும், எந்தப் படத்தில் குற்றம் நடந்ததோ அந்தப் படத்தில்தான் வட்டம். அதன்பிறகு விழுந்த வட்டம் எதுவும் எழுந்துபோகவில்லை. தையல்காரர்கள் காலரை உயர்த்தித் தைக்கப் பழகினார்கள், தரகர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் மேல்பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள், கோவில் அன்னதானத்தில் வட்டக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி என்று ஆனது.

பெண்கள் விஷயம் வேறு. பெண்பிள்ளையின் முகம் நாலு பேர் போனில் போவது குடும்பத்துக்கு ஆகாது என்பதால், படத்தில் பெண் இருந்தால் முதலில் அவள் முகத்தை மங்கலாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை என்று ஐவரும் சொல்லியிருந்தார்கள். சந்தையில் சங்கிலியைப் பறிகொடுத்தவள், பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பால் அடித்தவள், மாமனார் அடித்த அடியில் வாசலில் விழுந்து கிடந்தவள் என்று ஆறேழு பேருக்கு அப்படிச் செய்து கொடுத்தாள் ராஜகிளி. மறுநாளே அவர்கள் முகம் குளியலறைச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்களின் முகம்போல ஆனது. கையால் தடவினால் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், சாப்பிடலாம், பேசலாம், பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியாது. சேலையை வைத்தும் நடையை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டோம். சங்கிலியைப் பறிகொடுத்தவளின் புருஷன், "இப்பத்தான் நிம்மதி, கடைக்கு அனுப்பப் பயமில்ல" என்று எங்களிடமே சொன்னார். ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அவள் கொண்டுவந்தது வாட்ஸப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், அதில் அவள் டி.பி.யாக, செய்திக்குப் பக்கத்தில் வருகிற வட்டப் படமாக, வைத்திருந்தது ரோஜாப்பூ. அவள் வீட்டு வாசல் ரோஜாச்செடியில் எது பூ எது இலை என்று தெரியாமல் போனது. அதைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

இப்போது பொன்மாரிக்கு வருவோம். பொன்மாரி தவசிலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் நின்றவள். புருஷன் வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறான். ஏழு வயதில் ஒரே மகள், தர்ஷிகா. அண்ணாச்சி யாரென்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறோம். வியாபாரிகள் சங்கத் தலைவர், குரூப்பின் ஐந்து அட்மின்களில் மூத்தவர், நெற்றியில் விபூதி இல்லாமல் போனைக்கூடத் தொட மாட்டார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பொன்மாரிக்குத் தனியாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு, கடை ஊழியர்கள் பதினெட்டுப் பேர் இருக்கிற குரூப்பில் அவர் எழுதிவிட்டார். "பச்சைச் சேலையில இன்னைக்கு ரொம்ப நல்லாருந்த. அவன் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இப்படியே இருப்பியா? ஞாயித்துக்கிழமை குடோன் பக்கம் வா. பேசிக்கிடுவோம்."

பொன்மாரி பதில் போட்டாள். "அண்ணாச்சி, இது குரூப்பு."

அடுத்த வரியில், "தனியா எழுதியிருந்தாலும் வரமாட்டேன். இனிமே இப்படி எழுதாதீங்க."

இரண்டே நிமிஷத்தில் அண்ணாச்சி தன் செய்தியை எல்லோருக்குமாக அழித்துவிட்டார். ஆனால் கல்லாப் பக்கத்தில் நிற்கும் ஜான்சி என்கிற பெண் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாள். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு பொன்மாரி ராஜகிளியின் கடைக்கு வந்தாள். விதிப்படி படம் ஐவருக்கும் போனது. விதிப்படி ஐவரும் வந்தார்கள், அண்ணாச்சி உட்பட. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா? போடுங்க வட்டத்த" என்றார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்த ஐந்து வரியையும் திரும்பத் திரும்பப் படித்தோம். குடோன் என்ற சொல் வந்த இடத்தில் எங்களில் சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

"என் பேர மறைக்க வேண்டாம் மதினி. நான் என்ன தப்பு பண்ணுனேன்? எல்லாம் தெரியட்டும்" என்றாள் பொன்மாரி.

"விதி இருக்கே பொன்மாரி. பொம்பளன்னா மொதல்ல மறைச்சிரணும். ஒன் நல்லதுக்குத்தான்" என்றாள் ராஜகிளி. ஐவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ராஜகிளி எத்தனையோ தடவை செய்த வேலை. பொன்மாரியின் செய்திக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு வட்டப் படம். அதன்மேல் மங்கல் கட்டத்தை இழுத்துவிட்டாள். அண்ணாச்சியின் செய்திக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு படம். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். சேமித்தாள். வரச் சொல்லியிருந்த ஜான்சி உட்பட எல்லோரும் போனை எடுத்து அசலை அழித்தார்கள். அண்ணாச்சி மட்டும், "கண்ணாடி கொண்டு வரல, வீட்டுக்குப் போயி அழிச்சிக்கிடுதேன்" என்றார். அவர் சொல்லுக்கு அன்றைக்கும் மதிப்பு இருந்தது.

செய்தியைப் பார்த்த எங்கள் கண்ணில் ஒன்றுகூட அந்தத் துவரம்பருப்பைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண் யாரும் தன் முகத்தை டி.பி.யாக வைக்க மாட்டாள். புருஷன் விட மாட்டான், மாமியார் விட மாட்டாள், கொஞ்ச நாளில் அவளுக்கே கூச்சமாகிவிடும். பூவை வைப்பாள், கோலத்தை வைப்பாள், பிள்ளை பிறந்தபிறகு பிள்ளையை வைப்பாள். பொன்மாரியும், புருஷன் விமானம் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனபடி, மகளின் முகத்தைத்தான் வைத்திருந்தாள். பெரிய மனுஷர்களுக்கும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் சாமியை வைப்பார்கள். அண்ணாச்சியின் டி.பி.யில் இருந்தது ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற எங்கள் கருப்பசாமி.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பூசாரி கருப்பசாமிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, சாமியின் கழுத்தைச் சுற்றி, இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒரு சிவப்பு வட்டம் நின்றது. அதே நேரத்தில் பொன்மாரி மகளுக்குத் தலைசீவ உட்கார்ந்து, நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி, திருப்பிய கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். தர்ஷிகாவுக்கு முகம் இல்லை.

பாதி ஊர் கோவிலுக்கு ஓடியது, பாதி ஊர் பொன்மாரி வீட்டுக்கு ஓடியது, மத்தியானத்துக்குள் எல்லோரும் கோவிலில்தான் இருந்தோம். சாமி கழுத்தில் ஏன் வட்டம் என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. ஒருவன், "அப்ப குடோனுக்கு வரச் சொன்னது சாமியா?" என்று கேட்டான்; அவனைக் குரூப்பிலிருந்து நீக்கினோம். பூசாரிதான் வழி சொன்னார். அண்ணாச்சிமேல் விழ வேண்டிய பழியைக் கருப்பன் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டான், அப்படியானால் அண்ணாச்சி எப்பேர்ப்பட்ட பக்தர் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டவுடன் எங்களுக்கு மனசு லேசானது. அண்ணாச்சி கோவில் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், எழுந்தபோது அவர் கண்ணில் நீர் இருந்தது, அவரைப் பார்த்து எங்களுக்கும் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், வட்டச்சாமி என்று பேர் வைத்தார்கள், கருப்பனுக்கு இதுவரை காணாத கொடைத் திருவிழா எடுப்பதென்றும் அண்ணாச்சிக்கு முதல் பரிவட்டம் கட்டுவதென்றும் முடிவானது.

பிள்ளை விஷயத்தில் நாங்கள் ஒன்றும் இரக்கமில்லாதவர்கள் இல்லை. பாவம் என்று சொன்னோம், தினமும் சொன்னோம். இனிமேல் திருஷ்டிப்பொட்டு வைக்கும் வேலை மிச்சம் என்று பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சர் ஒரு அட்டையில் பேரை எழுதி அவள் சட்டையில் ஊக்கால் குத்திவிட்டார். கண்ணாமூச்சியில் அவளைக் கண்பொத்தவிட்டால் அவள் பார்க்கிறாளா இல்லையா என்று தெரியாததால் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆண்டுவிழாவில் முகமூடி வாங்கத் தேவையில்லை என்று பூதமாக நிறுத்தினார்கள். அவள் சிரிப்பது யாருக்கும் தெரியாது. அழுவதும் தெரியாது, சட்டைக் காலர் நனைந்திருந்தால்தான் அழுதிருக்கிறாள் என்று அர்த்தம். பொன்மாரி சாயங்காலம் பள்ளி வாசலில் நின்று, மகளைக் கூப்பிடுவதற்கு முன் காலரைத் தொட்டுப் பார்ப்பாள். அவளை ஜவுளிக்கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள், விரலெல்லாம் தீக்குச்சி மருந்து. அந்த விரலால் தடவி மகளுக்கு முன்பல் ஆடுகிறதென்று தெரிந்துகொண்டாள், அது விழுந்துவிட்டதென்றும் தெரிந்துகொண்டாள். புருஷன் வீடியோவில் கூப்பிடும்போது, "நெட்டு சரியில்ல போலருக்கு, புள்ள மூஞ்சி தெளிவாத் தெரியல" என்பான். "ஆமா, இங்க நெட்டு சரியில்ல" என்பாள் அவள்.

பழைய படங்களில் தர்ஷிகா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவற்றையெல்லாம் ராஜகிளி கருவியில் போட்டுச் சேமித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மறைத்தது எந்தப் படத்திலோ அந்தப் படத்தின் அசல்தான் வேண்டும். எட்டாவது மாதம், கொடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ராஜகிளிக்கு மனசாட்சி குத்தியதோ, தர்ஷிகா சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்தாளோ, பொன்மாரியைக் கூப்பிட்டு, "அசல் ஒருத்தர் போன்ல இருக்கு. அவர் எங்கண்ணு முன்னால அழிக்கல" என்றாள்.

பொன்மாரி கோவிலுக்குப் போனாள். அண்ணாச்சி பந்தக்கால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபிளெக்ஸில் தன் படம் எந்தப் பக்கம் வர வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் படம் உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எம்புள்ள மூஞ்சி வேணும்."

"இருக்கும் தாயி. எதையும் அழிக்க மனசு வராது எனக்கு" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "நீ மொதல்ல குரூப்புல ஒரு வரி போடு. நாந்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன், அண்ணாச்சிமேல ஒரு குத்தமும் இல்லன்னு. எனக்காகக் கேக்கல. கருப்பன் கழுத்துல கெடக்கே பழி, அதுக்காக."

பொன்மாரி அங்கேயே நின்று அந்த வரியை எழுதினாள். முந்நூறு பேர் கும்பிடு போட்டோம். சிலர் பூங்கொத்தும் போட்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராஜகிளியின் கடையில் ஐவரும் கூடினார்கள், வெளியே நாங்கள் கூடினோம். அண்ணாச்சியின் போனிலிருந்து அசல் வந்தது. ராஜகிளி அதைத் திரையில் பெரிதாக்கினாள். துவரம்பருப்பு நெல்லிக்காய் அளவு ஆனது. எட்டு மாதத்துக்குப் பிறகு எல்லோரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தோம், இடது கன்னத்தில் குழி விழும் என்பதை மறந்தே போயிருந்தோம். பொன்மாரி திரையைத் தொடப் போய் விரலை மடக்கிக்கொண்டாள்.

"இத அப்படியே சேமிச்சா பாப்பாவுக்கு மூஞ்சி வந்துரும்" என்ற ராஜகிளி, திரையில் கருப்பசாமியைக் காட்டிச் சொன்னாள். "சாமி கழுத்து வட்டமும் போயிரும்."

கொடைக்கு எட்டு நாள். வேன் பேசியாயிற்று, மேளம் பேசியாயிற்று. வட்டச்சாமிக்கு வட்டம் இல்லையென்றால் எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்போம் என்று நாங்கள்தான் கேட்டோம், அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று இப்போது ஞாபகமில்லை.

"சாமிக்கு மட்டும் மறுபடி போட்டுருதேன்" என்றாள் ராஜகிளி.

"போடலாம்" என்றார் அண்ணாச்சி. "சாமிக்குப் போடுதது அலங்காரம். ஆனா குத்தம்னு ஒண்ணு இருக்குல்ல? எம்மேல சொன்னது பொய்யின்னு இந்தப் புள்ளயே எழுதிக் குடுத்துருச்சு. எட்டு மாசமா ஒரு மனுஷம்மேலயும் ஒரு தெய்வத்துமேலயும் பழி சொன்னவுகளுக்கு வட்டம் உண்டா, இல்லையா? எனக்கு ஒண்ணுமில்ல. ஊர்தான் சொல்லணும்."

ஊர் என்றால் நாங்கள். கொம்பையாவுக்கு உண்டு என்றால் இவளுக்கும் உண்டுதானே. விதி எல்லோருக்கும் பொது. உண்டு என்றோம்.

பொன்மாரி உடனே கழுத்தை நீட்டினாள், அப்படித்தான் இருந்தது அவள் நின்றவிதம். "போடுங்க. ஒண்ணுக்குப் பத்தாப் போடுங்க. இந்தா, என்னப் படம் புடிங்க."

"குத்தம் நடந்த படத்துலதான் வட்டம்" என்றார் இன்னொரு அட்மின். "வேற படத்துல போட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாக."

ராஜகிளி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அந்தப் படத்துல ஒம்மூஞ்சி இல்லையே பொன்மாரி. புள்ள மூஞ்சிதான இருக்கு."

அப்போதுதான் பொன்மாரிக்குப் புரிந்தது. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் போனைப் பார்த்தோம். அவள் அண்ணாச்சியின் காலில் விழுந்தாள், அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, "எங்கால்ல எதுக்குத் தாயி விழுத, நானா கேக்கேன்?" என்றார். உண்மைதான், அவர் கேட்கவில்லை. எப்படி வேண்டுமோ அப்படி வைத்துக்கொள், முகம் இல்லாமல் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், வட்டத்தோடு வரட்டும் என்றால் வரட்டும், உன் பிள்ளை, உன் இஷ்டம், ஊர் கட்டாயப்படுத்தவில்லை என்று ஐவரும் சொன்னார்கள். அவள் திரையில் இருந்த கன்னக்குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வெகுநேரம் பார்த்தாள், எங்களில் இரண்டு பேர் டீ குடித்துவிட்டு வந்தோம்.

"மூஞ்சி வரட்டும்" என்றாள்.

ராஜகிளி கருப்பசாமிக்கு ஒரு வட்டம் போட்டாள், பிள்ளைக்கு ஒரு வட்டம் போட்டாள், சேமித்தாள். அண்ணாச்சி இந்தமுறை கண்ணாடி கொண்டு வந்திருந்தார். போனை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து அசலை அழித்தார்.

சாயங்காலம் பள்ளி விட்டு தர்ஷிகா ஓடி வந்தாள். முகம் வந்திருந்தது, கூடவே வட்டமும், விடியும்வரை காத்திராமல். முன்பல் இரண்டு பாதி முளைத்திருந்தன, புருவம் கொஞ்சம் அடர்ந்திருந்தது, கன்னக்குழி இருந்த இடத்தில் இருந்தது. பொன்மாரி ரோட்டிலேயே உட்கார்ந்து அந்த முகத்தை முத்தமிட்டாள், கடித்துத் தின்றுவிடுவாள்போல முத்தமிட்டாள். "எம்மா, இந்தச் செயின் யாரு குடுத்தா? கழட்ட வரலயே" என்று பிள்ளை கேட்டது. "அப்பா அனுப்புனாக" என்றாள் அவள். அப்பா வீடியோவில் வந்து, "ஏ, நெட்டு நல்லாயிருச்சே! கழுத்துல என்ன செவப்பா?" என்று கேட்டதற்கு, "பாசிமணி" என்றாள்.

ஒரு நாள் அது செயினாக இருந்தது. மறுநாள் வகுப்பில் ஒரு பென்சிலைக் காணோம். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வட்டத்தைப் பார்த்தார்கள். முகம் இல்லாத காலத்தில் அவளைப் பாவம் என்று சொன்ன தாய்மார்கள், இப்போது முகம் இருப்பதால் அவள் முழிப்பது தெரிகிறது, திருட்டு முழி என்றார்கள். எங்கள் பிள்ளைகளை அவள் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று எஸ்தர் டீச்சருக்கு நாலு பேர் செய்தி அனுப்பினோம். பென்சில் பிறகு ஜன்னலோரம் கிடைத்தது. அதற்குள் ஒரு ரப்பரைக் காணோம். வட்டம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை தானே தெரிந்துகொண்டது, கடைக்காரர் மிட்டாய் பாட்டிலை உள்ளே தள்ளி வைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவள் முகத்தில் வெட்கம் வந்தால் தெரிந்தது, பயம் வந்தால் தெரிந்தது, அழுதால் காலரைத் தொடாமலே எல்லோருக்கும் தெரிந்தது. தெரிகிறதென்று தெரிந்து இன்னும் அழுதாள்.

கொடை முடிந்த மறுநாள், அண்ணாச்சிக்குக் கட்டிய பரிவட்டத்தின் படங்களை நாங்கள் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது, தர்ஷிகா தனியாக ராஜகிளியின் கடைக்கு வந்தாள். முகம் வந்தபிறகும் சட்டையிலேயே குத்தியிருந்த பேர் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"அத்த, எம்மூஞ்சிய மறுபடி மங்கலாக்கிருங்க."

"அம்மாட்டக் கேட்டியா?" என்றாள் ராஜகிளி.

"அம்மா பாத்துக்கிட்டே இருக்கும். மத்தவங்களும் பாக்காங்கல்ல. வட்டம் கெடந்தாக் கெடக்கட்டும். மூஞ்சி தெரியலன்னா அது யாருன்னு தெரியாதுல்ல."

ராஜகிளி கதவுப் பக்கம் நின்ற எங்களைப் பார்த்தாள். ஏழு வயதில் எவ்வளவு அறிவு என்று நாங்கள் மலைத்தோம். பெரிய பெண்களுக்கு நாங்கள் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது, அவள் தாய்க்கு எத்தனை சொல்லியும் புரியவில்லை. இந்தப் பிள்ளை தானாக வந்து நிற்கிறது. பெண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சினோம். ஸ்டூலில் உட்கார வைத்தோம். அவள் அசையாமல் கேமராவைப் பார்த்தாள். ராஜகிளி மங்கல் கட்டத்தை இழுத்துவிட்டாள், சேமித்தாள், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அசலை யார் அழிப்பது என்று பேச்சு வந்தது. விதிப்படி ராஜகிளி கண்முன்னால் அழிக்க வேண்டும், அவளோ கவிழ்த்த தலையைத் தூக்கவில்லை. பிள்ளை எங்களுக்குச் சிரமம் வைக்காமல் தானே எட்டி அந்தப் பொத்தானை அழுத்தியது.

வழக்கமாக மறுநாள் விடிந்துதான் நடக்கும். அன்றைக்கும் அதற்குக் காத்திருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசிலிருந்து பொன்மாரி வந்தபோது மகள் கடைவாசலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வட்டத்துக்கு மேலே முகம் தெரியவில்லை. பொன்மாரி கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கத்தவில்லை. குனிந்து பிள்ளையின் சட்டைக் காலரைத் தொட்டாள், பிறகு அந்த மருந்து நாறுகிற விரலால் கன்னத்தைத் தடவினாள், இரண்டு கன்னத்தையும் தடவினாள்.

"அழுதாளா?" என்று எங்களைக் கேட்டாள்.

"இல்ல தாயி, தொட்டுப் பாரு, எப்படிக் காஞ்சு கெடக்குன்னு" என்றோம். எங்களுக்கும் அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.